குருத்தோலையும் தடைக்காலமும்: வடசென்னைத் திருச்சபைகளின் ஓராண்டு

ஏப்ரல் 15-ஆம் தேதி காசிமேட்டில் விசைப்படகுகள் கரையோரம் வரிசை கட்டி நின்றுவிடும். மீன் இனப்பெருக்கக் காலம் என்று அரசு விதிக்கும் தடை ஜூன் 14 வரை நீடிக்கும், மொத்தம் 61 நாள். 2017-க்கு முன்பு 45 நாளாக இருந்தது. ஈஸ்டர் பெரும்பாலும் இந்தத் தேதிக்குச் சற்று முன்போ பின்போ வந்து விழுகிறது: 2024-இல் மார்ச் 31, 2025-இல் ஏப்ரல் 20. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து நாட்களில் வெற்றிலை பாக்கு, சினிமா, கறி மீன் என்று எதையாவது விட்டுச் சேர்த்த காசு கோயில்களின் கையில் இருக்கும் அதே நேரத்தில், படகில் போகிறவர் வீட்டில் வரவு நிற்கிறது. ராயபுரம், காசிமேடு, புதுவண்ணாரப்பேட்டைப் பக்கத்துச் சபைகளில் ஈஸ்டர் முடிந்த கையோடு அரிசிப் பை கொடுக்கும் வேலை தொடங்குவதற்கு வேத ஆதாரம் தேட வேண்டியதில்லை. மீன் ஏலம் நடக்கும் இடத்தில் ஆள் இல்லாததைப் பார்த்தாலே புரிந்துவிடும்.

இந்தப் பகுதியின் சபைகள் ஒன்றுகூடுவதைப் பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாக ஐக்கிய ஆராதனைகளையும் ஐக்கிய கிறிஸ்துமஸ் விழாக்களையும்தான் எண்ணுவார்கள். பேனரில் ஆறு போதகர்களின் படம், மேடையில் கேக் வெட்டும் கவுன்சிலர். அவற்றைக் குறைசொல்ல நான் வரவில்லை. ஆனால் ஓர் ஆண்டு முழுக்கக் கவனித்துப் பார்த்தால், கத்தோலிக்கரும் சி.எஸ்.ஐ. என்கிற தென்னிந்தியத் திருச்சபையும் லுத்தரனும் பெந்தெகொஸ்தேயும் உண்மையாகவே ஒருவரையொருவர் தேடிப் போகும் நாட்கள் வேறு. கடலும் மழையும் பள்ளி திறக்கும் தேதியும் கல்லறைக்கு இடம் கிடைக்காத சிக்கலும் சேர்ந்துதான் அந்த நாட்களை முடிவு செய்கின்றன. செய்து முடிக்க ஒரு வேலை இருந்தால் ஐக்கியம் நிலைக்கிறது. கூட்டம் மட்டும் என்றால் டீ, சமோசாவோடு முடிந்துவிடுகிறது.

ஒரே ஏரியாவில் இத்தனை சபை எப்படி?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் 6.12 விழுக்காடு, சென்னை மாவட்டத்தில் 7.7 விழுக்காடு. எண்ணிக்கை பெரிதில்லைதான். ஆனால் அதற்குள் இருக்கும் அடுக்குகள் ஏராளம், அதிலும் கூவத்துக்கு வடக்கே.

துறைமுகம் கட்டப்படுவதற்கு முன்பு, அலைக்கு அப்பால் நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து ஆளையும் சரக்கையும் மசூலாப் படகில் ஏற்றிக் கரை சேர்த்தவர்களில் கத்தோலிக்கர் கணிசம். ராயபுரத்துப் புனித இராயப்பர் ஆலயம் அந்தப் படகோட்டிச் சமூகம் எழுப்பியது. பாரிமுனைக்கு வந்தால் அர்மேனியன் தெருவில் 1772-இல் எழுந்த அர்மேனியர் தேவாலயம் இருக்கிறது. அதே தெருவில் புனித மரியன்னை இணைப் பேராலயம். அந்தப் பெயரைச் சொன்னால் ஆட்டோக்காரருக்குத் தெரியாது, அந்தோணியார் கோயில் என்றால் கொண்டுபோய் விடுவார். செவ்வாய்க்கிழமைதோறும் எல்லா மதத்தவரும் மெழுகுவர்த்தியோடு வந்து போகிற இடம் அது. பக்கத்திலேயே ஆண்டர்சன் தேவாலயம். 1837-இல் ஒரு பள்ளியைத் தொடங்கிய ஸ்காட்லாந்து மிஷனரி ஜான் ஆண்டர்சனின் பெயர் அதற்கு. அந்தப் பள்ளி வளர்ந்து சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியாகி 1937-இல் தாம்பரத்துக்குக் குடிபோய்விட்டது. ஸ்காட்லாந்து மிஷன் விட்டுச்சென்ற ரெய்னி மருத்துவமனை மட்டும் ராயபுரத்திலேயே நிற்கிறது.

வேப்பேரியை வடசென்னையில் சேர்க்கலாமா என்று சண்டை பிடிப்பவர்கள் உண்டு, ஆனாலும் அதை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது. ஜெர்மானியரான பப்ரிசியுஸ் 1742-இல் சென்னைக்கு வந்து, தமிழ் வேதாகமத்தைத் திரும்ப மொழிபெயர்த்து, 1791-இல் இங்கேயே இறந்தார். அவர் லுத்தரன். அவருக்குச் சம்பளம் கொடுத்ததோ இங்கிலாந்தின் ஆங்கிலிக்கன் சங்கமான எஸ்.பி.சி.கே. சபைப் பிரிவினை பற்றி ஐரோப்பாவில் புத்தகம் புத்தகமாக எழுதிக்கொண்டிருந்த காலத்தில், இங்கே ஒருவர் காசில் இன்னொருவர் ஊழியம் நடந்திருக்கிறது. இன்று வேப்பேரியில் சி.எஸ்.ஐ. புனித மத்தியா ஆலயமும் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் அடைக்கலநாதர் ஆலயமும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதற்கு அந்தப் பழைய உறவும், பின்னால் வந்த பிரிவும் இரண்டுமே காரணம்.

அப்புறம் ஆலைகள் வந்தன. பெரம்பூரில் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள், ரயில் பட்டறை, 1955-இல் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை. ரயில்வேயை ஒட்டி ஆங்கிலோ இந்தியர்கள், ஆலையை ஒட்டி செங்கல்பட்டு, வட ஆற்காட்டுக் கிராமங்களிலிருந்து வந்த தலித் கிறிஸ்தவர்கள், வண்ணாரப்பேட்டைக் கடைத்தெருக்களில் நெல்லை, தூத்துக்குடி வணிகர்கள், வியாசர்பாடியில் பர்மாவிலிருந்து திரும்பியவர்கள். ஒவ்வொரு கூட்டமும் தன் பாட்டையும் பழக்கத்தையும் கூடவே கொண்டுவந்தது. நெல்லைக்காரர் இருக்கும் சபையில் அசனம் என்கிற பொது விருந்து நடக்கும், ஆங்கிலோ இந்தியர் இருக்கும் பங்கில் ஆங்கிலத் திருப்பலி இருக்கும். இதற்கெல்லாம் மேலே கடந்த ஐம்பது ஆண்டில் மாடி வீடுகளிலும் வாடகைக் கூடங்களிலும் முளைத்த பெந்தெகொஸ்தே சபைகள். 1996-இல் ஆலைகள் மூடியபோது வேலை போன குடும்பங்களில் பல, ஜெபத்துக்கு முதலில் போய் நின்றது இந்த மாடிச் சபைகளில்தான் என்பது என் கணிப்பு. பெரிய கோயிலில் ஆயரைப் பார்க்க அலுவலக நேரம் உண்டு; மாடிச் சபை பாஸ்டர் அதே தெருவில் குடியிருந்தார்.

மேலே ஒப்பந்தம், கீழே குடும்பம்

ஏட்டளவில் ஐக்கியத்துக்குப் பெரிய வரலாறு உண்டு. 1919-இல் தரங்கம்பாடியில் வி.எஸ். அசரியா உள்ளிட்ட இந்தியத் திருச்சபைத் தலைவர்கள் கூடி, இந்தப் பிரிவினைகள் நாங்கள் உண்டாக்கியவை அல்ல, வெளியிலிருந்து எங்கள்மேல் சுமத்தப்பட்டவை என்ற பொருளில் அறிக்கை விட்டார்கள். இருபத்தெட்டு ஆண்டு பேசி, 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், ஏற்கெனவே ஒன்றாகியிருந்த பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் எல்லாம் ஒரே குடையின்கீழ் வந்தன. லுத்தரன்கள் அந்தக் குடைக்குள் வரவில்லை. பேச்சுவார்த்தை பல ஆண்டு நடந்தும் இணைப்பு நடக்கவில்லை. கத்தோலிக்கத் தரப்பில் 1964 நவம்பர் 21 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் ஒன்றிப்பு பற்றிய ஆணையை வெளியிட்டது. அதற்கு முன்பு பிற சபை வழிபாட்டில் கத்தோலிக்கர் பங்கெடுப்பதைத் திருச்சபைச் சட்டம் தடுத்தது. சி.எஸ்.ஐ. கோயில் கல்யாணத்துக்குப் போகலாமா என்று பங்குச் சாமியாரிடம் கேட்டுவிட்டுப் போன பாட்டிமார் இந்த ஏரியாவில் இன்னும் இருக்கிறார்கள்.

தெருவில் நடந்ததோ வேறு. ரோமிலும் தரங்கம்பாடியிலும் அறிக்கை வருவதற்குக் காத்திராமல் வீட்டுக்குள்ளேயே சபைகள் கலந்துவிட்டன. அம்மா செவ்வாய்க்கிழமை அந்தோணியார் கோயிலுக்குப் போவார், அப்பா வழி ஆயா சி.எஸ்.ஐ. பெண்கள் ஐக்கிய சங்கத்தில் பொருளாளராக இருப்பார், பையன் சனிக்கிழமை மாலை வாலிபர் கூட்டத்தில் கிட்டார் வாசிப்பது ஏதோ ஒரு பெந்தெகொஸ்தே சபையில். சிக்கல் வருவது கல்யாணத்தில். எந்தக் கோயிலில், எந்த முறையில், இரண்டு பக்கமும் மூன்று ஞாயிறு திருமண அறிவிப்பு ஓலை வாசிக்க வேண்டுமா, கத்தோலிக்கத் தரப்புக்கு மறைமாவட்ட ஆயரிடம் அனுமதி வாங்கியாயிற்றா, பிறக்கும் பிள்ளைக்கு எங்கே ஞானஸ்நானம்? பங்குத்தந்தையும் பாஸ்டரேட் ஆயரும் முதல்முறை உட்கார்ந்து பேசுவது பெரும்பாலும் இப்படி ஒரு கல்யாணத்துக்காகத்தான், இறையியலுக்காக அல்ல.

ஜனவரி முதல் ஈஸ்டர் வரை

டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் நிற்க இடமிருக்காது. வாக்குத்தத்த வசனம் அச்சடித்த அட்டையை வாங்கிக்கொண்டு வீடு போய்ச் சேர விடிகாலை ஆகும். அப்புறம் பொங்கல். அது முடிந்த சூட்டில் ஜனவரி 18 முதல் 25 வரை கிறிஸ்தவ ஒன்றிப்பு வாரம். உலகின் வடபாதியில் பெரும்பாலும் இதே தேதிதான். யோவான் 17-ஆம் அதிகாரத்தில் இயேசு தம் சீடருக்காக வேண்டிக்கொண்ட 'அவர்களெல்லாரும் ஒன்றாயிருக்கவும்' என்ற வசனம் ஒவ்வோர் ஆண்டும் வாசிக்கப்படும். ஒரு நாள் ஒரு கோயில் என்று மாலை ஜெபம் நடக்கும். உண்மையைச் சொன்னால் கூட்டம் சேராது. ஒரு மாதமாகக் கோயிலே கதியென்று இருந்தவர்களுக்கு இன்னும் எட்டு நாள் என்றால் அலுப்புதான். முன்வரிசையில் ஆயர்கள், சிஸ்டர்மார், பின்னால் பாடகர் குழுவின் பெற்றோர்.

ஆனால் அந்த வாரம் வீண் என்று சொல்ல மாட்டேன். அதன் பலன் ஆயர்களின் செல்போனில் இருக்கிறது. அங்கே நம்பர் மாற்றிக்கொண்ட பங்குத்தந்தையும் பாஸ்டரும்தான் டிசம்பர் வெள்ளத்தில் 'உங்க ஸ்கூல் ஹால் காலியா இருக்கா ஃபாதர்?' என்று கேட்கும் இடத்தில் இருப்பார்கள்.

பிப்ரவரி 11 பெரம்பூர் லூர்து அன்னை திருவிழா. சலேசியர் என்கிற கத்தோலிக்கத் துறவு சபையாரின் பொறுப்பில் இருக்கும் திருத்தலம் அது. தேர்ப்பவனி நாளில் பெரம்பூர் சாலையில் வண்டி நகராது. மாதாவை வணங்காத சபைக்காரர்களும் தங்கள் வாசலில் மோர்ப்பானை வைப்பதுண்டு. கேட்டால், தாகத்துக்குத் தண்ணி கொடுக்கிறதில் என்ன உபதேசம் இருக்கிறது என்பார்கள்.

மார்ச் முதல் வெள்ளியன்று வரும் உலகப் பெண்கள் ஜெப நாள்தான் ஆண்டின் ஐக்கிய வழிபாடுகளில் எனக்குப் பிடித்தது. ஒவ்வோர் ஆண்டும் ஒரு நாட்டுப் பெண்கள் வழிபாட்டு முறையை எழுதுவார்கள்: 2024-இல் பாலஸ்தீனம், 2025-இல் குக் தீவுகள். அதன் தமிழாக்கம் வந்து சேர்ந்ததும் தண்டையார்பேட்டையிலோ கொருக்குப்பேட்டையிலோ ஒரு கோயிலில் பெண்கள் பங்கு பிரித்துக்கொள்வார்கள். யார் வாசிப்பது, யார் அந்த நாட்டு உடை மாதிரி எதையாவது கட்டிக்கொண்டு வருவது, யார் சுண்டல். குக் தீவுகள் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் தேடியவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆயர்மார் அன்று பெஞ்சில் உட்கார்ந்து கேட்பவர்கள். யார் ஆசீர்வாதம் கூறுவது, யாருக்கு நடு நாற்காலி என்ற பிரச்சினையே எழாது. ஆண்கள் நடத்தும் ஐக்கிய ஆராதனையில் அந்த நாற்காலிக்கே பாதிக் கூட்டம் செலவாகும்.

குருத்தோலை ஞாயிறு காலையில் ஒரு சிறு காட்சி உண்டு. ஒரு சந்தில் இரண்டு பவனி எதிரெதிரே வந்துவிடும். இரண்டிலும் ஓசன்னாதான், ராகம்தான் வேறு. ஒரு பக்கம் ஹார்மோனியத்தை மீன்பாடி வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வருகிறார்கள், மறுபக்கம் கழுத்தில் மாட்டிய மைக்கும் டிரம்ஸும். சந்து அகலமோ ஒரு ஆட்டோ போகும் அளவு. பெரியவர்கள் யார் ஒதுங்குவது என்று கண்ணாலேயே பேசிக்கொண்டிருக்கும்போது, சண்டே கிளாஸ் பிள்ளைகள் குருத்தோலையில் பின்னிய சிலுவையைக் கைமாற்றிக்கொள்ள ஆரம்பித்துவிடுவார்கள்; இந்தப் பக்கம் பின்னல் நன்றாக இருக்கும், அந்தப் பக்கம் ஓலை நீளமாக இருக்கும்.

புனித வெள்ளியன்று சி.எஸ்.ஐ., லுத்தரன் கோயில்களில் பன்னிரண்டு மணி முதல் மூன்று மணி வரை ஏழு சிலுவை மொழிகள். ஏழு மொழிக்கு ஏழு பேர் பேசலாம் என்பதால் பிற சபைப் போதகருக்கு இடம் கொடுக்க இதுவே வசதியான நாள். முந்தின நாள் பெரிய வியாழன் அப்படி அல்ல. அன்று திருவிருந்து. கத்தோலிக்க நற்கருணையில் மற்றவர் பங்கெடுக்க முடியாது, கத்தோலிக்கரும் மற்ற இடத்தில் பங்கெடுக்கக் கூடாது. சேர்ந்து சமைக்கலாம், சேர்ந்து சாப்பிடலாம், அந்த ஒரு மேசையில் மட்டும் சேர்ந்து நிற்க முடியாது. பாஸ்டர் ஐக்கியக் கூட்டங்களில் யாரும் இதை எடுத்துப் பேசுவதில்லை. பேசிப் பயனில்லை, முடிவு செய்ய வேண்டியவர்கள் ராயபுரத்தில் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

சின்ன சபைக்கு என்ன லாபம், பெரிய சபைக்கு என்ன லாபம்

ஏரியாவாரியாகப் போதகர் ஐக்கியம் மாதம் ஒருமுறை வார நாளில் கூடும். ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு ஓய்வில்லை. பாட்டு, ஒருவர் செய்தி, பொதுவான ஜெபம், அப்புறம் அறிவிப்பு. அறிவிப்பில்தான் விஷயம் இருக்கும்.

வாடகைக் கூடத்தில் நடக்கும் சபைக்கு இந்த ஐக்கியம் ஒரு பாதுகாப்பு. புதிதாக வழிபாட்டுக் கட்டடம் கட்ட வேண்டுமென்றால் மாவட்ட ஆட்சியரின் ஒப்புதல் தேவை. அது லேசில் கிடைக்காது. அதனால் வீட்டு மாடியிலேயே ஆராதனை நடக்கும். ஸ்பீக்கர் சத்தம் என்று பக்கத்து வீட்டார் புகார் கொடுத்தால் காவல் நிலையத்துக்குத் தனியாகப் போக வேண்டும். கூட நூறாண்டுப் பழமையான கோயிலின் ஆயர் ஒருவர் வந்தால் பேச்சின் தொனியே மாறிவிடும். கல்லறைத் தோட்டம் இன்னொரு காரணம். கீழ்ப்பாக்கம், காசிமேடு கல்லறைத் தோட்டங்களைச் சபை வேறுபாடில்லாமல் ஒரே கல்லறை வாரியம் நிர்வகிக்கிறது, இடமோ எப்போதோ நெருக்கடியாகிவிட்டது. சொந்தமாகத் தோட்டம் இல்லாத சின்ன சபையில் ஒரு மரணம் நேர்ந்தால் யாரிடம் பேச வேண்டும், குடும்பக் குழி இருக்கிறதா என்று வழிகாட்டப் பழைய சபைக்காரர் வேண்டும். நவம்பர் 2 கல்லறைத் திருநாளன்று காசிமேட்டில் பூ வைத்துக்கொண்டு நிற்கும் கூட்டத்தில் யார் எந்தச் சபை என்று பிரிக்கவே முடியாது.

பெரிய சபைகளுக்குக் கிடைப்பது ஆள்பலம். கட்டடம், பள்ளி, சமையல் பாத்திரம் எல்லாம் அவர்களிடம் இருக்கும். ராத்திரி பதினொரு மணிக்கு இடுப்பளவு தண்ணீரில் இறங்க இருபது இளைஞர்கள் மாடிச் சபையில்தான் கிடைப்பார்கள்.

இருபக்கத்துக்கும் மனத்தாங்கல் உண்டு. 'ஆட்டைத் திருடுறாங்க' என்பது பழைய சபை ஆயர்களின் நிரந்தரப் புலம்பல். நாங்கள் ஞானஸ்நானம் கொடுத்து, திடப்படுத்தி, கல்யாணம் செய்துவைத்தவரை நீங்கள் மறுபடி முழுக்கு ஞானஸ்நானம் கொடுத்துக் கூட்டிப்போய்விடுகிறீர்கள் என்பது குற்றச்சாட்டு. மேயாமல் கிடந்த ஆடு தானாக வந்தது என்பது பதில். இரண்டிலும் உண்மை இருக்கிறது என்றுதான் நான் சொல்வேன். உதவிப் பணியில் இது வேறு வடிவம் எடுக்கும். அரிசிப் பையில் கைப்பிரதி வைக்கலாமா? கத்தோலிக்கரும் சி.எஸ்.ஐ.யும் பொதுவாகக் கூடாது என்பார்கள். பெந்தெகொஸ்தே பாஸ்டர்களில் சிலர், சுவிசேஷம் சொல்லாத உதவி பாதி உதவி என்பார்கள். 2002-இல் தமிழ்நாட்டில் மதமாற்றத் தடைச் சட்டம் வந்து, 2004-இல் திரும்பப் பெறப்பட்டதை நேரில் பார்த்த மூத்தவர்கள், தேவையில்லாமல் வம்பை விலைக்கு வாங்காதீர்கள் என்று முடித்துவைப்பார்கள். கூட்டாகக் கொடுக்கும் பையில் பிரதி இல்லை, தனியாகக் கொடுப்பது அவரவர் இஷ்டம் என்ற எழுதாத ஏற்பாடு பல இடங்களில் ஓடுகிறது.

வெயிலும் மழையும்

மே மாதம் வி.பி.எஸ். என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளி. காலையில் பிள்ளைகள் போனால் மதியம் வரை வீட்டில் நிம்மதி. வேலைக்குப் போகும் அம்மாக்களுக்கு அது யார் நடத்தினாலும் சரி. ஒரே தெருவில் மூன்று சபை அடுத்தடுத்த வாரம் நடத்தினால், மூன்றுக்கும் அதே பிள்ளைகள் போய் மூன்று இடத்திலும் பரிசு வாங்குவார்கள். ஜூனில் நோட்டுப் புத்தகம், பை, சீருடை. ஆகஸ்ட் 10 அன்று பல சபைகளில் கறுப்புப் பட்டை. தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியல் சாதி வரம்புக்கு வெளியே நிறுத்திய 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் தேதி அது. சீக்கியரையும் பின்னர் பௌத்தரையும் சேர்த்துத் திருத்தினார்கள், கிறிஸ்தவரைச் சேர்க்கவில்லை. புளியந்தோப்பிலும் வியாசர்பாடியிலும் கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ., லுத்தரன் மூவரையும் ஒரே கோரிக்கையில் நிறுத்துவது இந்த ஒன்றுதான். நவம்பர் இரண்டாம் ஞாயிறை தலித் விடுதலை ஞாயிறாகக் கத்தோலிக்க, புராட்டஸ்டன்ட் தேசிய அமைப்புகள் இரண்டும் சேர்ந்தே அனுசரிக்கின்றன. சபைக்குள்ளேயே சாதி இல்லையா என்ற கேள்வி அன்று எழும்; பேராயர் தேர்தல் நடக்கும் ஆண்டில் இன்னும் பலமாக எழும்.

ஆகஸ்ட் கடைசியில் காவித் துணி கட்டிப் பெசன்ட் நகர் வேளாங்கண்ணிக்கு நடப்பவர்கள், செப்டம்பர், அக்டோபரில் அறுப்பின் பண்டிகை. ஏலத்தில் ஒரு பூசணிக்காயை நூறு ரூபாய்க்கு எடுத்தவர் திரும்பக் கோயிலுக்கே கொடுப்பார், அது மறுபடி ஏலத்துக்கு வரும். ஒரே காய் நாலு தடவை விலைபோகும். பக்கத்துச் சபையிலிருந்து வந்த விருந்தாளியைச் சீண்டி விலையேற்றுவது தனி விளையாட்டு. அந்தப் பணத்தில் ஒரு பங்கு மழைக்காலத்துக்கு ஒதுக்கப்படும். வடசென்னையில் அது வீணாகாது.

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வியாசர்பாடி, புளியந்தோப்பு, பட்டாளம், கொடுங்கையூர், மணலி எல்லாம் நாள்கணக்கில் தண்ணீரில் கிடந்தன. எண்ணூரில் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் கலந்து கொசஸ்தலையாற்று முகத்துவாரம் வரை பரவி, வலையும் படகும் கறுத்துப்போயின. அந்த மாதக் கடைசியில், 26-ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, பெரியகுப்பத்தில் அமோனியா கசிவு. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ராத்திரி மக்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள்.

அந்த டிசம்பரில் கேரல் ரவுண்ட்ஸுக்குப் பேசிவைத்த டாடா ஏஸ் வண்டிகள் பால் பாக்கெட்டும் ரொட்டியும் ஏற்றிப் போயின. சமையல் முதல் நாள் குழப்பமாகத்தான் இருந்தது. எல்லாச் சபையும் தக்காளி சாதம். முக்கியச் சாலையை ஒட்டிய வீடுகளுக்கு நாலு தடவை பொட்டலம் போய்ச் சேர்ந்தது, உள் தெருவுக்கு ஒன்றும் போகவில்லை. வண்டி எதுவரை போகுமோ அதுவரைதான் அன்பும் போகும் என்று ஒரு சிஸ்டர் கடிந்துகொண்டார். அப்புறம் ஒழுங்குபட்ட இடங்களில் நடந்தது இதுதான்: தெருவைப் பிரித்துக்கொண்டார்கள். இந்தத் தெருவிலிருந்து அந்தக் கால்வாய் வரை உங்களுக்கு, அதற்கு அப்பால் எங்களுக்கு, அதில் இந்து வீடு, முஸ்லிம் வீடு, எந்தச் சபை வீடு என்ற கேள்வி இல்லை. பள்ளிவாசல் இளைஞர்களும் அதே கணக்கில் ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டார்கள். சாப்பாட்டுக்குப் பின் பாய், போர்வை, கொசுவத்தி, நாப்கின், பிளீச்சிங் பவுடர் என்று பட்டியல் நாளுக்கு நாள் மாறியது. பட்டியலை எழுதியவர்கள் பெரும்பாலும் பெண்கள் சங்கத்தார். அந்த மாதம் முடிந்து நடந்த நன்றி ஆராதனையில் சால்வை வாங்கியவர்கள் பெரும்பாலும் ஆண்கள்.

வெளிப்பணம் பற்றியும் ஒரு வார்த்தை. 1960-களில் வியாசர்பாடியில் சலேசியக் குரு ஓர்ஃபேயோ மந்தோவானி ஏழைகளுக்கென்று சேவை மையம் தொடங்கிய காலத்தில் வெளிநாட்டு உதவி வருவது எளிது. 2020-இல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, ஒரு அமைப்பு வாங்கிய பணத்தை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்ற முடியாது. பதிவுள்ள பெரிய நிறுவனம் வாங்கிச் சின்ன சபைகளோடு சேர்ந்து செலவழிக்கும் பழைய வழி அடைபட்டுவிட்டது. இப்போது தடைக்கால அரிசியும் மழைக்காலப் போர்வையும் பெரும்பாலும் உள்ளூர்க் காணிக்கை. ஆட்டோ ஓட்டுபவரும் ரயில்வே ஓய்வூதியக்காரரும் கொடுத்த நூறும் இருநூறும். பணம் குறைந்தது, ஆனால் செலவுக் கணக்கைக் கேட்கும் உரிமை அதே தெருக்காரர்களுக்கு வந்தது. இதில் எனக்கு வருத்தமில்லை.

தண்ணீர் வடிந்ததும் தெருக் கணக்கும் வடிந்துவிட்டது. அடுத்த தடைக்காலத்தில் மறுபடி அவரவர் சபை, அவரவர் பட்டியல். பொதுவான ஒரே பட்டியல் போட்டால் ஒரு வீட்டுக்கு மூன்று பை, பக்கத்து வீட்டுக்கு ஒன்றுமில்லை என்ற நிலை மாறும் என்று போதகர் ஐக்கியங்களில் யாராவது ஒருவர் சொல்லாமல் இருப்பதில்லை. எல்லோரும் தலையாட்டுவார்கள், பட்டியலை மட்டும் யாரும் கொண்டுவர மாட்டார்கள். உதவி வாங்குவோர் பட்டியல் என்பது பாதிக்குமேல் விசுவாசிகள் பட்டியல். பெயர், வீட்டு நம்பர், போன் நம்பர் எல்லாம் இருக்கும் தாளைப் பக்கத்துச் சபை பாஸ்டரிடம் கொடுக்க எந்த ஆயருக்குக் கை வரும்? குடிசைப் பகுதிகளை அகற்றிப் பெரும்பாக்கம் பக்கம் குடியமர்த்தியதில் ஏற்கெனவே பல குடும்பங்களை இழந்த சபைக்கு இன்னும் கஷ்டம். அங்கிருந்து இரண்டு பஸ் மாறி ஞாயிறு வரும் சிலரின் பெயரும் அந்தத் தாளில்தான் இருக்கிறது.

அதனால் பட்டியலில் தொடங்காமல் மறுபடி தெருவிலேயே தொடங்கலாம் என்பது என் யோசனை, அதுவும் அரிசியில் அல்ல, ஜூன் மாத நோட்டுப் புத்தகத்தில். பெரியவர்களின் பெயரோ போன் நம்பரோ அதற்குத் தேவையில்லை. இந்தத் தெருவில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் எத்தனை, எந்தெந்த வகுப்பு, கோடு போட்ட நோட்டு எத்தனை, போடாதது எத்தனை என்று தெரிந்தால் போதும். மொத்தமாக வாங்கினால் பாரிமுனையில் விலையும் குறையும்.